குடும்பக் கதவு

புதுக்கொற்கையில் எல்லாரும் செய்வதுபோல, மாசிலாமணியும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக வீட்டில் எந்தெந்தக் கதவுகள் மிச்சமிருக்கின்றன என்று பார்த்தார். பூமியில் இருப்பவர்கள் சன்னலைத் திறந்து மழை வருமா என்று பார்ப்பார்களாம். சீரஸ் குறுங்கோளின் பனிக்கட்டிக்கு அடியில் குடைந்த ஊரில் மழைக்கு வழியில்லை. அங்கே நாளுக்கு நாள் மாறக்கூடியவை கதவுகள்தான்.

அன்று நிறையவே மாறியிருந்தது. இலக்கியக் கூடத்துக்குப் போகும் கதவு இருந்த இடத்தில் வழவழவென்று சாம்பல் நிறச் சுவர் நின்றது. சொல்லாய்வுக் கழகத்துக் கதவைக் காணோம். ஊர் மன்றத்தில் நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்க அவர் தினமும் நுழையும் குறுக்குச் சந்தின் கதவையும் காணோம். சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் படுக்கையில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் இருந்த மணியைத் தடவிக்கொண்டார்.

அந்த மணிக்கு நாட்டமானி என்று பெயர். பிள்ளைக்குக் காது குத்தும் அன்றைக்கே அதையும் பொருத்திவிடுவார்கள். மாமன் மடியில் உட்காரவைத்து, காதின் முன்பக்கம் தோடு, பின்பக்கம் நாட்டமானி. ஒருவர் எதைப் பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதை அது அளக்கும். அளந்து, பிடித்ததைப் பெருக்கும், பிடிக்காததைக் கழிக்கும். ஊரின் சுவர்களும் கதவுகளும் ஒரே பொருளால் ஆனவை. நாட்டமானி சைகை கொடுத்தால் சுவர் விலகிக் கதவாகும், கொடுக்காவிட்டால் சுவர் சுவராகவே நிற்கும். காதுக்கும் இதே கதைதான். நீரேற்றிகளின் இரைச்சலைக் குறைப்பதற்காக நாட்டமானியில் அடக்கி என்ற உறுப்பை முதலில் வைத்தார்கள். பிடிக்காத இரைச்சலை அடக்கலாமென்றால் பிடிக்காத பேச்சை ஏன் அடக்கக்கூடாது என்று பிறகு யாரோ கேட்டார்கள். அன்றிலிருந்து அது பேச்சையும் அடக்கியது.

இதைக் கொடுமை என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். முதலில் குடியேறியவர்கள் குறுகிய சுரங்கங்களில் ஒருவர் மூச்சை ஒருவர் முகர்ந்துகொண்டு வாழ்ந்து, எதற்கெடுத்தாலும் அடித்துக்கொண்டவர்கள். ஒருவன் பாட்டு இன்னொருவனுக்கு ஆகாது, ஒருத்தியின் அரசியல் இன்னொருத்திக்கு ஆகாது. நாட்டமானி வந்த பிறகு அவரவர் நாட்டத்துக்கு ஏற்ற வட்டத்தில் அவரவர் குடியிருந்தார்கள். சண்டை ஒழிந்தது. மணமுறிவுகூட ஒழிந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் நாட்டம் ஒத்துப்போகவில்லை என்று பருவத்துக்கு ஒருமுறை நடக்கும் அளவெடுப்பில் தெரிந்தால், இருவர் அறைகளுக்கும் நடுவே இருக்கும் குடும்பக் கதவு மூடிக்கொள்ளும். அதைச் ‘சுவர் வைத்தல்’ என்று நாகரிகமாகச் சொல்வார்கள். அதன் பிறகு ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இருக்காது.

மாசிலாமணியை இத்தனை வருஷமாக நாட்டமானியால் எந்த வட்டத்திலும் சேர்க்க முடியவில்லை. காரணம், அவர் எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்க்கிற ஆசாமி. நீர்க்குழாய்க் கண்காணிப்பாளர் வேலை. கசிவைப் பார்க்கப் போன இடத்தில் வால்வின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பழைய கடிகாரம், ஒலிநாடாப் பெட்டி, எது கிடைத்தாலும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. இலக்கியக் கூடத்தில் தொடர்கதை கேட்பார். சீரஸின் ஈர்ப்பில் கைநழுவிய தட்டு தரையைத் தொடுவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம். அதனால் இங்கே பிறந்த பிள்ளைகள் தட்டு ‘விழுந்தது’ என்று சொல்லாமல் ‘இறங்கியது’ என்கிறார்களே, விழுதல் என்ற சொல் இன்னும் எத்தனை தலைமுறை தாங்கும் என்று சொல்லாய்வுக் கழகத்தில் கவலைப்படுவார். பூமியிலிருந்து ஆடுகளை இறக்கலாமா கூடாதா என்று மன்றத்தில் நடக்கும் விவாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டுவார். இப்படிச் சிதறிக் கிடந்தவரை நாட்டமானி வேறு வழியில்லாமல் இடைவட்டத்தில் வைத்திருந்தது. இடைவட்டத்துக்காரர்களுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

அவர் மனைவி பரிமளமும் இடைவட்டம்தான், நேர்மாறான காரணத்தால். அவள் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. புதுக்கொற்கையில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை அப்படித்தான் வளர்ப்பார்கள். பார், நகர். கல்யாண வீட்டில் பாயசத்தைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும்; முறைத்துப் பார்த்தால் அப்புறம் மாதம் முழுக்க வீட்டுக்குப் பாயசமாக வந்துகொண்டிருக்கும். கணவர் தெருவில் எதையாவது பார்த்து நிலைகுத்தி நிற்கும்போதெல்லாம் விலாவில் முழங்கையால் ஒரு இடி கொடுத்து நகர்த்துவது அவள் வழக்கம். அந்த இடியினால்தான் குடும்பம் இத்தனை காலம் நிலைத்தது.

அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து வினை வந்தது. கழிவுக் கிடங்கில் மாசிலாமணிக்கு ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரம் கிடைத்தது. மெழுகுத் தாளில் கீறி எழுதி, அதை மை தடவிய உருளையில் சுற்றி, கைப்பிடியைச் சுழற்றினால் நகல் நகலாக வந்து விழும். பூமியில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களும் தொழிற்சங்கங்களும் வைத்திருந்த சாமான். முதல் கப்பலில் வந்த யாரோ ஒரு கிறுக்கர் துணிமணிக்குப் பதிலாக இதைக் கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதன் பல்சக்கரத்தில் ஒரு பல் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை மறந்து, அந்தப் பல் இருந்த இடத்தையே மாசிலாமணி நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். இடிக்க ஆள் இல்லை. அப்பாடா, இந்த மனிதரை ஒரு வழியாகப் புரிந்துகொண்டோம் என்று நாட்டமானி முடிவு கட்டியது. அதன் கணக்கில் அவர் இனி பழம்பொறி ஆர்வலர்.

வாசல் கதவு இப்போது வேறு தெருவில் திறந்தது. சன்னல் திரையில் இருந்த கடல் போய், ஒன்றையொன்று கவ்விச் சுழலும் பல்சக்கரங்கள் வந்தன. காலையில் வந்த இட்லியின் ஓரம்கூடப் பல் பல்லாக இருந்தது. செய்திச் சுவரில் ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பதிலாக, எப்போதோ செத்துப்போன தையல் இயந்திரம் ஒன்றின் ஊசி எத்தனை வகைப்படும் என்று ஒரு குரல் விளக்கிக்கொண்டே இருந்தது. முதல் நாள் மாசிலாமணிக்கு அது சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள், ஊசி போதுமே, அந்தத் தொடர்கதையில் பூமிக்குக் கப்பல் ஏறத் துறைமுகத்தில் நின்ற பெண் என்ன ஆனாள் என்று நினைத்தார். நினைப்பதை நாட்டமானி அளக்காது, பார்ப்பதைத்தான் அளக்கும். பார்ப்பதற்கோ அங்கே பழைய இயந்திரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

பரிமளம் தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். அளவெடுப்பு வரை குடும்பக் கதவை யாரும் மூட முடியாது என்பதால் அதன் வழியாக உள்ளே வந்து, பெட்டியை வைத்துவிட்டு, “சாப்பிட வாங்க” என்றாள். அது அவர் காதில் தெளிவாக விழுந்தது. பசி, தீ, விபத்து சம்பந்தப்பட்ட பேச்சையும், ஒரே வட்டத்துக்காரர் பேச்சையும் அடக்கி தடுக்காது. பிறகு அவள் தங்கை வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். வாய் அசைந்தது. கை அசைந்தது. ஓரிடத்தில் சிரித்தாள்கூட. ஒரு சத்தமும் வரவில்லை. மாசிலாமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உண்மையாகப் புரிந்தது.

பருவ அளவெடுப்புக்கு அதிகக் காலம் இல்லை. இப்படியே போனால் அன்றைக்குக் குடும்பக் கதவு சுவராகிவிடும். மறுநாளே நாட்ட அலுவலகத்தின் வட்டக் கிளைக்குப் போனார். அங்கே சிவக்கொழுந்து என்ற அலுவலர் இருந்தார். பொறுமைசாலி, முகம் சுளிக்காதவர். தனக்கு இலக்கியம், மொழி, ஊர் நடப்பு எல்லாவற்றிலும் நாட்டம் உண்டு, நாட்டமானி தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டது என்று மாசிலாமணி நடந்ததையெல்லாம் சொன்னார். சிவக்கொழுந்து அவர் காதருகே ஒரு கருவியைக் காட்டி அளந்து பார்த்தார்.

“உங்களுக்கு இலக்கியத்துல நாட்டம் இருந்தா அந்தக் கதவு தானாத் திறந்திருக்குமே ஐயா.”

“கதவு திறந்தாத்தானே நான் நாட்டத்தைக் காட்ட முடியும்?”

“அதைத்தானே நானும் சொல்றேன். நாட்டத்தைக் காட்டுங்க, திறந்துடும்.”

இதே இரண்டு வாக்கியங்களை இருவரும் வேறுவேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் கோபம் வரவில்லை. கோபம் வராமல் இருந்ததுதான் மாசிலாமணிக்குப் பெரிய கிலியாக இருந்தது. தலையை முட்டிக்கொள்ளச் சுவர் வேண்டும் என்றால் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வந்து ஒன்றில் முட்டிக்கொண்டார்.

சும்மா இருக்க முடியவில்லை. எதையாவது வேறாகப் பார்க்க வேண்டும் என்று, எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையின் எழுத்துகளை முறைத்துப் பார்த்தார். எழுத்தைப் பார்ப்பது மொழிக் கணக்கில் சேரும் என்று ஒரு நப்பாசை. நாட்டமானி அதை எதிர்வீட்டுக்காரர் கணக்கில் சேர்த்துவிட்டது. அந்த வீட்டு எட்டியப்பன் அன்று முதல் பொழுதுக்கும் அவர் வாசலிலேயே கிடந்தார். தங்கமான மனிதர். உருளைகளைப் பற்றிப் பேசுவார். ரப்பர் உருளை, மர உருளை, நடுவில் உள்ளீடற்ற உருளை. சலிக்கவே சலிக்காது. மாசிலாமணி ஒருநாள் பேச்சை மாற்ற, வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார்.

“இருந்தாங்க, ஒரு சம்சாரம். நல்லவங்க. சுவர் வெச்சு ரொம்ப நாளாச்சு. இப்ப இந்தப் பக்கமா இருக்காங்கன்னு நினைக்கிறேன்.” எட்டியப்பன் இடது பக்கச் சுவரைக் காட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு வலது பக்கத்தைக் காட்டினார். பிறகு உருளைகளுக்கே திரும்பிவிட்டார்.

அன்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. எட்டியப்பன் அழுதிருந்தால்கூடத் தேவலை. அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. இன்னும் கொஞ்ச காலத்தில் நானும் இப்படித்தான் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தார். குடும்பக் கதவருகே போய் நின்றார். அந்தப் பக்கம் பரிமளம் கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னோடு பேசுகிறாளா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாளா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவர் சொல்வது அவளுக்குக் கேட்டது, அவள் நாட்டமானி எதையும் தடுக்காது. அவள் சொல்வதுதான் அவருக்குக் கேட்கவில்லை. இது ஒரு மனைவிக்கு எவ்வளவு ஆத்திரமூட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் ஏதோ முக்கியமாகச் சொல்லிப் பார்த்தாள், உரக்கச் சொல்லிப் பார்த்தாள், அவர் மலங்க மலங்க விழித்ததைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று அவர் மேசைக்குப் போனாள். இயந்திரத்தைச் சோதிக்க அவர் எடுத்து வைத்திருந்த மெழுகுத் தாளில் கொண்டை ஊசியால் கீறு கீறென்று கீறினாள். கீறிவிட்டுப் போய்விட்டாள். பல்சக்கரம் அன்றுதான் சரியாகியிருந்தது. தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மாசிலாமணி அதை உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினார். நகல் வந்து விழுந்தது.

‘உங்க தம்பிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. நாலு நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்க அப்பாவுக்குப் பல்வலி. உப்பு தீந்துபோச்சு. ஆட்டுக்கு மன்றத்துல சம்மதம் கொடுத்துட்டாங்க. நீங்க இந்த இரும்பைக் கட்டிக்கிட்டு அழுங்க.’

அவர் அழத்தான் செய்தார். சீரஸில் கண்ணீர் சட்டென்று வழியாது, கண்ணிலேயே திரண்டு நிற்கும். அந்தத் திரையினூடே அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். தம்பி மகள், பல்வலி, உப்பு, ஆடு. ஒரு சொல்கூட மங்கவில்லை, மறையவில்லை.

அது எப்படி என்று அவர் யோசித்துக் கண்டுபிடித்தார். நாட்டமானியில் அனுமதிக்கும் பிரிவு ஒன்று, அளக்கும் பிரிவு ஒன்று. ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்க்கும் அனுமதிப் பிரிவு. பழைய இயந்திரத்திலிருந்து வந்த தாளைப் பழம்பொறிச் சரக்கு என்று உள்ளே விட்டுவிட்டது. அதில் எழுதியிருப்பதைக் கண் படிக்கும்போது அளவைப் பிரிவு அதை ஒழுங்காகக் குறித்துக்கொண்டது. மனிதர்கள் கட்டுகிற எல்லா அலுவலகங்களையும் போல இதிலும் இரண்டு பிரிவுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஆக, சிறைக்குள் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்குக் கைப்பிடியும் இருந்தது.

அதன் பிறகு பரிமளம் பட்ட பாடு சொல்லி மாளாது. எதையும் நின்று பார்த்து அறியாதவள், கணவருக்காக இலக்கியக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்லாய்வுக் கழகத்தில் உட்கார்ந்தாள். மன்றத்தில், சம்மதம் கொடுத்த பிறகும் ஓயாத ஆடு வேண்டும் கட்சிக்கும் வேண்டாம் கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினாள். வந்து தன் பாணியில் கீறினாள். ‘அந்தப் பொண்ணு இன்னும் கப்பல் ஏறலை. ஏறுவாளா மாட்டாளான்னே பொழுதுக்கும் பேசறாங்க. எனக்குத் தூக்கம் வந்துடுச்சு.’ ‘விழுதல் இருக்கணுமாம். மழை விழுது, காசு விழுதுன்னு பழைய பாட்டெல்லாம் வீணாப்போயிடுமாம். இங்க மழையே இல்லையேன்னு கேட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லலை.’ மாசிலாமணி சிரித்துப் புரண்டார். அவர் வாயால் கேள்வி கேட்பார், அவள் மெழுகுத் தாளில் பதில் கீறுவாள், உருளை சுற்றும், ஈர மையோடு பதில் வந்து விழும். இடையிடையே அவள் ஆத்திரத்தில் வாயாலும் பேசிவிடுவாள். அவர் அவள் உதட்டையே பார்த்துப் பார்த்து, சத்தமில்லாத பேச்சிலும் பாதியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதை இப்போதுதான் கண்டார். எப்போது வந்தது என்று கேட்டதற்கு, பிறந்ததிலிருந்து இருக்கிறது என்று நகலில் பதில் வந்தது.

மை வாசனைக்கு எட்டியப்பன் வந்து நின்றார். அச்சின் அழகைப் பார்ப்பதற்காக வீணான நகல்களைக் கேட்டு வாங்கிப் போனார். அழகைப் பார்க்கப் போனவர் படித்தும் விட்டார். அடுத்த தடவை வந்தபோது உருளையைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண் கப்பல் ஏறினாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களும் நகல் கேட்டார்கள். வட்டம் முழுக்க மை அப்பிய விரல்களோடு ஆட்கள் ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அந்தத் தெருவில் இரண்டு பேர் சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள்.

அளவெடுப்பு நாள் வந்தது. மாசிலாமணியும் பரிமளமும் குடும்பக் கதவின் வாசலில், ஆளுக்கொரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். கை நடுவில் இருந்தால் சுவர் வராது என்று யாரும் அவர்களுக்கு உறுதி சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் மணி மெல்ல அதிர்ந்தது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். “கை வலிக்குதுங்க, கொஞ்சம் விடுங்க” என்று ஒரு குரல் கேட்டது. அது பரிமளத்தின் குரல் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விட மாட்டேன் என்று சொல்லி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சிவக்கொழுந்தே வீடு தேடி வந்து விஷயத்தைச் சொன்னார். இத்தனை பேர் ஒரே சமயத்தில் எல்லாவற்றிலும் நாட்டம் காட்டியது புதுக்கொற்கை வரலாற்றில் நடந்ததில்லையாம். இவர்களை எந்த வட்டத்திலும் போட முடியாததாலும், இடைவட்டத்தில் இத்தனை பேருக்கு இடம் இல்லாததாலும், எல்லாவற்றிலும் நாட்டமுள்ளவர்களுக்கென்றே பல்சுவை வட்டம் என்று ஒன்று அமைக்கிறார்களாம். அங்கே எல்லாக் கதவும் திறக்கும். சன்னல், சுவர், கூரை, எல்லாவற்றிலும் எல்லாமே வரும். அடக்கிக்கு அங்கே வேலையே கிடையாது. இத்தனையும் கீறிய பரிமளத்துக்கும் அதே வட்டம்தான். எட்டியப்பனுக்கும் இடம் உண்டு. மாசிலாமணி சிவக்கொழுந்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

புது வீட்டில் முதல் வாரம் திருவிழாதான். கிழக்குச் சுவரில் தொடர்கதை, மேற்குச் சுவரில் மன்றம், கூரையில் உலகத்து மொழிகளெல்லாம். சைக்ளோஸ்டைலுக்குத் துணியைப் போட்டு மூலையில் வைத்தார்கள், இனி அதற்கு என்ன வேலை. கப்பல் ஏறாத பெண்ணின் கதையை மாசிலாமணி ஆவலோடு போட்டார். அவள் படியில் கால் வைத்த நேரத்தில் பக்கத்துச் சுவரில் நீராவி எஞ்சின் ஒன்று வந்தது. அதைப் பார்க்கத் திரும்பினார். எஞ்சின் நகர்வதற்குள் ஆடுகள் கப்பலில் வாந்தி எடுத்த செய்தி வந்தது. அதற்குள் வேறு எதுவோ. எதையும் தேடிப் போக வேண்டியதில்லை, எல்லாம் தானாக வந்து நின்றது. நின்றதைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது காத்திருந்தது. அந்தப் பெண் கப்பல் ஏறினாளா என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் மறந்துபோனார். திறந்து கிடந்த கதவுகள் வழியாக அந்த வட்டத்தில் யாரும் எங்கும் போகவில்லை. போகிற இடத்தில் என்ன இருக்குமோ அது வீட்டுச் சுவரிலேயே இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்.

பரிமளம் சொன்னதற்கெல்லாம் “ம்” என்று பதில் வந்தது. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றாள். “ம்.” உங்கள் தம்பி மகளுக்குக் காது குத்தப் போகிறார்கள் என்றாள். “ம்.” ஒருநாள் சோதித்துப் பார்ப்பதற்காக, நான் ஓர் ஆட்டைக் கல்யாணம் செய்துகொண்டு பூமிக்குப் போகிறேன் என்றாள். அதற்கும் “ம்” வந்தது. “சாப்பிட வாங்க” என்றால்கூட அசைவில்லை. அடக்கியே தடுக்காத பேச்சு அது. நாட்டமானி மறுபடி தன் வேலையைக் காட்டிவிட்டது, இந்தத் தடவை முன்னைவிட மோசமாக முற்றியிருக்கிறது என்று முடிவு செய்து, அவள் நேரே நாட்ட அலுவலகத்துக்குப் போனாள்.

சிவக்கொழுந்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். மேசைக் கருவியில் மாசிலாமணியின் நாட்டமானியை வரவழைத்து மேலிருந்து கீழ்வரை சரிபார்த்தார்.

“தடை எதுவுமே இல்லைங்கம்மா. நீங்க பேசறது அவர் காதுல முழுசா விழுது.”

“இல்லை, நல்லாப் பாருங்க. நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேக்கறதில்லை.”

“கேக்குதுங்கம்மா.”

பரிமளம் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தவள் அழுதுவிட்டாள். “அப்போ பழையபடி அந்த அடக்கியைப் போட்டுவிடுங்க. காது கேக்காதப்பவாவது என் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்.”

சிவக்கொழுந்து கருவியை ஓரமாகத் தள்ளி வைத்தார். மேசையைத் துடைத்தார். பிறகு, போன வாரம் மாசிலாமணி இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து இதே புகாரைத்தான் சொல்லிவிட்டுப் போனார் என்றார். பரிமளத்தின் நாட்டமானியில் அடக்கி ஏதோ கோளாறாகிவிட்டது, தான் பேசுவது அவளுக்குக் கேட்பதே இல்லை, சுவரைப் பார்த்தபடியே இருக்கிறாள் என்று அழாத குறையாகச் சொன்னாராம். அவளுடைய மணியையும் அன்றைக்கே சோதித்தாயிற்று. அதிலும் ஒரு தடையும் இல்லை.

“நானா? அவர் எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லையே.”

“சொன்னாராமுங்கம்மா,” என்றார் சிவக்கொழுந்து. “நீங்க ‘ம்’னு சொன்னீங்களாம்.”